வினையின் வால்

யாராவது "நாங்க போறோம்" என்று சொன்னால் அவர் அப்படியே விடமாட்டார்.

"போறீங்களா, போவீங்களா, போகலாம்னு நினைக்கிறீங்களா? எதுன்னு சொல்லு" என்பார்.

ஃபிஜியில் பா என்ற நகரத்தில் ஒரு வக்கீலிடம் அவர் டைப்பிஸ்டாக இருந்தார். எண்பத்தேழில் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்ததிலிருந்து அந்த அலுவலகத்தில் கூட்டம் குறையவில்லை. அந்த ஆட்சிக் கவிழ்ப்பை எங்கள் ஊரில் 'கூ' என்று ஒரே எழுத்தில் சொல்லி முடித்துவிடுவோம். கூவுக்குப் பிறகு எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவர் எல்லாரும் எங்காவது போக வேண்டியிருந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பிரமாண வாக்குமூலம் எழுத வந்தவர்கள் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "வீட்டை விக்கிறேன்" என்பார்கள். அவர் விரலைத் தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, "வித்துட்டியா, விக்கப் போறியா?" என்று இந்தியில் கேட்பார். பதில் வரும்வரை ஓர் எழுத்தும் விழாது. சில பேர் அங்கேயே அழுதிருக்கிறார்கள். விற்றுவிட்டோம் என்று வாயால் சொல்வது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாவுக்குப் பக்கத்தில் வரதோலியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும்தான். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் மதராஸ்காரர்களின் வாரிசுகள்தான், ஆனால் வீட்டில் பேசுவது இந்தி. என் கணவருக்கே தமிழில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும்தான் தெரியும். நான் ராக்கிராக்கிப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் தமிழ் கேட்டு வளர்ந்தவள். அக்கா லம்பாசாவிலிருந்து வந்தவர். தெருப் பெண்களில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மாமியாரைப் பற்றிப் பேச எங்களுக்குக் கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். சர்க்கரை ஆலையில் பேன் பாய்லர் வேலை. கொதிக்கிற கரும்புப் பாகு எந்த நொடியில் சர்க்கரை மணியாகத் திரளும் என்று கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். நல்ல கைகாரர். சிரித்த முகம். அவர்களுக்குக் குழந்தை இல்லை, அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

கூ நடந்த மறு வருடம், தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்ற நாட்டில் ஒரு சர்க்கரை ஆலைக்கு ஆள் தேவை என்று மாமாவுக்குத் தகவல் வந்தது. முன்னாடி எங்கள் ஆலையில் இருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் அங்கே போயிருந்தார், அவர் சொல்லி அனுப்பியது. மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "நான் முதல்ல போறேன். ஒரு வருஷத்துல வீடு குடுப்பாங்க. அப்ப உங்க அக்காவ கூட்டிக்குவேன்" என்றார்.

"கூட்டிக்குவேன்," என்று அக்கா திரும்பச் சொல்லிப் பார்த்தார். அன்று வேறொன்றும் கேட்கவில்லை.

மாமா கிளம்பிப் போன மாதமே அக்கா தலைநகர் சுவாவில் ஒரு புத்தகக் கடையில் சொல்லிவைத்து, அந்த நாட்டில் பேசுகிற ஸ்பானிஷ் மொழிக்கு இலக்கணப் புத்தகம் ஒன்றை வரவழைத்தார். கூடவே ஒரு கேசட். எடுத்த எடுப்பிலேயே 'பேசு' என்ற வினை. ஆப்லார். முன்னால் இருக்கிற 'ஹ' எழுத்தை எழுத வேண்டும், சொல்லக் கூடாது. அதையே அவர் வெகுநாள் வியந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது நம்ம தமிழ் மாதிரி. பேசினேன், பேசினாய், பேசினார்னு ஆளு யாருன்னு வினையோட வாலுலயே இருக்குது பாரு. அதுலயும் அப்பிடித்தான். ஆப்லோன்னா நான் பேசறேன். ஆப்லாஸ்னா நீ பேசற. நான், நீன்னு தனியா சொல்லவே வேணாம். இங்கிலீஷுக்குப் பாவம், வால் கிடையாது."

"அவன், அவள்?"

"அது மட்டும் இல்ல. ஆணா பொண்ணான்னு வால் சொல்லாது. நாமதான் கண்டுபிடிச்சுக்கணும்."

காலையில் வேலைக்குப் போகும்முன் துணி உலர்த்தும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த வாய்ப்பாடு கேட்கும். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா. ஆப்லாமோஸ், ஆப்லைஸ், ஆப்லான். நிகழ்காலம் முடிந்ததும் இறந்தகாலம். பிறகு எதிர்காலம். பின்வீட்டு குஜராத்திக் கிழவி என்னிடம், "உங்க அக்கா எந்த சாமி மந்திரம் சொல்றாங்க? ரொம்ப பக்தி" என்று கேட்டாள். நான் அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்.

அந்த வாய்ப்பாட்டில் ஐந்தாவதாக வரும் ஆப்லைஸ் ஸ்பெயின் நாட்டில் மட்டும்தான் வழங்கும், தென் அமெரிக்காவில் யாரும் சொல்லமாட்டார்கள் என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. அதையும் விடாமல் படித்தார். "தேவையில்லன்னு ஒண்ண விட்டா, மீதியும் நிக்காது" என்றார். அவர் எல்லாவற்றிலும் அப்படித்தான். கணவனைப் பற்றித் தெருவில் கேட்டால், "நல்லா இருக்கார்" என்று சொல்ல மாட்டார். "போன ஞாயித்துக்கிழமை பேசறப்ப நல்லா இருந்தார்" என்பார்.

இந்தக் குணத்தால் அவரைப் பலருக்குப் பிடிக்காமல் போனது. எங்கள் தெருமுனையில் ஒரு வாத்தியார் குடும்பம் வான்கூவருக்குக் கிளம்பியது. வழியனுப்பு விருந்தில் ஆட்டுக்கறி, ரொட்டி, பெரிய பேசினில் யங்கோனா வேர் கரைத்த பானம். வாத்தியார் எழுந்து, "நாங்க எங்க போயிடப் போறோம்? திரும்பி வருவோம், இதே வீட்டுக்கு வருவோம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

"வீட்ட வித்தாச்சே மாஸ்டர்," என்றார். "நான்தானே டைப் அடிச்சேன்."

வாத்தியாரின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது நான் அக்காவைக் கோபித்துக்கொண்டேன். "ஒரு பேச்சுக்குச் சொன்னார், விட்டுடக் கூடாதா?"

"பேச்சுக்குச் சொல்றத நம்பி உக்காந்திருக்கிறவங்க இருக்காங்க தங்கச்சி," என்றார்.

எங்களிடம் டாக்சி இருந்ததால் வீட்டில் போன் இருந்தது. அக்கா வீட்டில் போன் இல்லை. மாமா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் எண்ணுக்குக் கூப்பிடுவார். அப்போது அங்கே சனிக்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ், டாக்சி எதுவும் ஓடக்கூடாது என்று ராணுவம் உத்தரவு போட்டிருந்த காலம் அது. தெருவே செத்துக் கிடக்கும். என் கணவர் ஓடாத காரைக் கழுவிக்கொண்டிருப்பார். அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு பேரும் இந்தியில்தான் பேசுவார்கள். கடைசியில் அக்கா மட்டும், "ஒரு வரி அந்த மொழியில சொல்லுங்க" என்பார். மாமாவுக்கு அங்கே காதில் விழுந்து விழுந்து பேச வந்துவிட்டது. இலக்கணம் தெரியாது. அவர் ஏதாவது ஒரு வாக்கியம் சொல்ல, அக்கா அதை உதட்டில் வைத்துக்கொண்டே வேலியைத் தாண்டிப் போவார். முதல் முறை மாமா சொன்னது, ஆலைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன் என்பது.

மாமா போய் இரண்டாவது வருடம் முடிகிற நேரம். வீடு இன்னும் கொடுக்கவில்லை என்றார். அடுத்து, அக்காவுக்குப் பேப்பர் சரியாகவில்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிட்டு அக்கா எழுந்திருக்காமல் அங்கேயே இருந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன்.

"முதல்ல 'விவோ'ன்னார்," என்றார். "விவோன்னா, வசிக்கிறேன். இன்னிக்கு 'விவிமோஸ்'ங்கிறார்."

"அப்பிடின்னா?"

"வசிக்கிறோம்."

எனக்கு உடனே புரியவில்லை. "ஆலைக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரே இடத்துல இருப்பாங்களா இருக்கும் அக்கா."

"அதையேதான் அவரும் சொன்னார். யாரு அந்த 'நாங்க'ன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னார்." டீயை எடுத்து, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு இருக்குது. இந்த மாதிரி வினையில, நாங்கங்கிறதுக்கு மட்டும் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே மாதிரி. வசிக்கிறோம்னாலும் விவிமோஸ்தான், வசிச்சோம்னாலும் விவிமோஸ்தான். இடத்தப் பாத்துத்தான் எதுன்னு சொல்ல முடியும். நானும் அவரும் வரதோலியில வசிச்சோமில்ல. அதச் சொல்லியிருப்பார்."

இலக்கணத்தில் அவர் தனக்காகச் சலுகை எடுத்துக்கொண்டது அந்த ஒரு முறைதான். எடுத்துக்கொள்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் போன் குறைந்தது. மாதம் ஒன்று என்பது மூன்று மாதத்துக்கு ஒன்று ஆனது. அக்கா படிப்பை விடவில்லை. புத்தகத்தில் கடினமான பகுதிக்கு வந்திருந்தார். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எதுவும் இல்லாமல், மனதில் மட்டும் இருக்கிறதைச் சொல்ல அந்த மொழியில் ஒரு தனி வடிவம். ஆப்லே என்றால் அவர் பேசட்டும், பேசவேண்டுமே, பேசினால் நன்றாயிருக்கும், இப்படி இடத்துக்குத் தகுந்த மாதிரி.

"நம்ம நாட்டுக்காரங்களுக்கு இது ஒண்ணு போதும்," என்றார் துணி பிழிந்துகொண்டே. "இப்ப எல்லாரும் இதுலதான் குடியிருக்காங்க."

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. நான்தான் போனை எடுத்தேன். ஒரு பெண் குரல். ஒன்றும் புரியவில்லை. மாமாவின் பெயர் மட்டும் அந்த வேகத்துக்கு நடுவில் உடைந்து உடைந்து கேட்டது. பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது. நான் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு வேலிக்கு ஓடினேன்.

அக்கா மாவுக் கையோடு வந்தார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்த மொழியில் இன்னொரு மனித உயிரோடு பேசியதில்லை. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வைத்து, "ஆப்லே, ஸெனோரா," என்றார். பேசுங்கள் அம்மா. வேலிப்பக்கம் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை எனக்கே தெரியும்.

அந்தப் பெண் பேசினாள். அக்கா ஒரு தடவை கண்ணை மூடினார். பிறகு திறந்து, எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நடுவில் அந்தப் பெண் ஏதோ கேள்வி கேட்டது எனக்குக் குரலின் ஏற்றத்தில் தெரிந்தது. அக்கா பதில் சொல்ல நேரமானது. பிறகு, "ஸீ," என்றார். ஆமாம். அதற்கப்புறம் அவரே நிறையப் பேசினார். நிறுத்தி நிறுத்தி, தேடித் தேடி. ஓரிடத்தில் சொல்லித் தவறு என்று திருத்திக்கொண்டு மறுபடி சொன்னார். போனை வைத்தபோது ரிசீவர் முழுக்க மாவு.

"உங்க மாமா செத்துட்டார்," என்றார்.

மூன்றாம் நாள் துக்க வீடு நிறைந்திருந்தது. உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்பதால் மாமாவின் போட்டோவை வைத்துத்தான் காரியம். ஆலையிலிருந்து தகவல் வந்தது என்று அக்கா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். தமிழ் தெரிந்த கிழவர்கள் வெளியே தகரக் கொட்டகையில் யங்கோனாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பாய் முழுக்கத் தெருப் பெண்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். திடீரென்று, குரலைத் தாழ்த்தாமல், தமிழில் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, அந்தப் பொண்ணு எடுத்ததுமே 'த்ராபஹாபா'ன்னா. ஆலையில வேலை செஞ்சுகிட்டிருந்தார்னு. வேலை செய்யறார்னா 'த்ராபாஹா'ன்னு வரணும். அந்த வாலக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ இன்னும் விஷயத்துக்கே வரல்ல."

பெண்கள் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள்.

"அப்புறம் ஒரு வினை சொன்னா. முரியோன்னு. அது ஒழுங்கா மாறாத வினை. ஒழுங்கானது எல்லாத்தயும் முடிச்சுட்டு மத்ததத் தொடலாம்னு வச்சிருந்தேன், அந்தப் பாடத்துக்கு இன்னும் வரல்ல. ஆனா புரிஞ்சுது. பஸ்ஸுக்கு நின்னுகிட்டிருந்தப்ப நெஞ்சு வலின்னு உக்காந்தாராம், எழுந்திரிக்கல்ல."

எதிரே ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அக்கா ஒப்பாரி சொல்கிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒருத்தி என் காதில், "அழட்டும், அழ விடு" என்றாள் இந்தியில்.

"குழந்தை அழுதுச்சு, நீயும் கேட்டியே. பையன். இன்னும் பல்லு முளைக்கல்ல. உங்க மாமா தனக்கு ஊர்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கதான் என்னை வளத்தவங்கன்னு சொல்லி வச்சிருக்கார். இந்த நம்பர அப்பிடித்தான் குடுத்திருக்கார். ஓயாம உங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பார்னு சொன்னா. 'நீங்கதானே அவர் அக்கா?'ன்னு கேட்டா."

அவர் மூச்சு வாங்கினார். பாயில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தார்கள்.

"ஆமான்னேன். இல்லன்னு சொல்லி, நான் பொண்டாட்டின்னு சொன்னா, குழந்தையக் கையில வச்சுகிட்டு நிக்கிறாளே, அவ யாரு? அவளுக்கும் அது அப்பத்தானே தெரியும்? புருஷன் போன துக்கத்துல இருக்கிறவகிட்ட இதையும் எப்பிடிச் சொல்றது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகைச் சத்தத்தில் கூரை அதிர்ந்தது. அக்காவின் கண்ணில் மட்டும் தண்ணீர் இல்லை.

தாலியைக் கழற்றினார், பூ வைப்பதை விட்டார், பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனார். என்னைத் தவிர ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. நானும் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் மாதம் ஒரு முறை கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. நாத்தனார் என்று நம்பித்தான் பேசினாள். பையனுக்குக் காய்ச்சல், பையன் நடக்கிறான், பையனைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறேன். அக்கா கேட்டுக்கொள்வார். ஆரம்பத்தில் நான் ஆத்திரப்பட்டேன்.

"இது என்ன தலையெழுத்து உங்களுக்கு? போன எடுக்காதீங்க. நான் சொல்லிடறேன், நம்பர் தப்புன்னு."

"எந்த மொழியில சொல்லுவ?" என்றார்.

அவர் மனதில் அன்பு இருந்ததா, தண்டனை மாதிரி ஏற்றுக்கொண்டாரா, படித்த மொழியைப் பேச வேறு ஆள் இல்லாததால் பேசினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பேசிவிட்டுப் போனபின் முகம் தெளிவாக இருந்த நாளும் உண்டு. குளியலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வராத நாளும் உண்டு.

இரண்டாயிரத்தில் மறுபடி ஒரு கூ. இந்த முறை துப்பாக்கிக்காரர்கள் பிரதமரையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் டாக்சியை இரவோடிரவாக யாரோ கொளுத்தினார்கள். என் கணவர் அதற்கப்புறம் ஒரு நாளும் அந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கவில்லை. பிரிஸ்பேனில் குடியேற எழுதிப் போட்டோம். எங்கள் வாக்குமூலத்தை அக்காதான் டைப் அடித்தார். 'வீட்டை விற்றுவிட்டோம்' என்ற வரியில் என்னை நிமிர்ந்து பார்க்காமலே அடித்து முடித்தார்.

கிளம்பும்முன் அவர் வீட்டிலும் போன் வைத்துக்கொண்டார். "நீங்களும் வந்துடுங்க அக்கா, எங்ககூட இருக்கலாம்" என்று கேட்டேன். அவர் தம்பி சிட்னியில் இருந்தான், அவனும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். "பார்க்கலாம்" என்றார். அவர் அப்படிப் பிடிகொடுக்காமல் பேசி நான் கேட்டதில்லை. 'இல்லை' என்பதுதான் பதில் என்று புரிந்தது. அவர் வரவே இல்லை. வரதோலியிலேயே சில வருடம் முன்னால் இறந்துபோனார். எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்த சமயம், போக முடியவில்லை. தம்பிதான் வந்து பா ஆற்றங்கரையில் காரியம் செய்தானாம்.

அவர் இறப்பதற்கு ஒரு வருடம் முந்தி நான் கூப்பிட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். எடுத்ததுமே குரல் சரியில்லை.

"பையன் பேசினான்," என்றார். அவன் அப்போது வளர்ந்து காலேஜ் போய்க்கொண்டிருந்தான். அவனே தனியாக அவரைக் கூப்பிடுவது வழக்கமாகியிருந்தது. அத்தை, அத்தை என்று உயிராக இருந்தான்.

"என்ன சொன்னான்?"

"ஆலையில அவங்க அப்பாவோட வேலை பாத்த கிழவர் ஒருத்தர் சொல்லியிருக்கார். உங்க அப்பாவுக்கு ஃபிஜியில ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்தான்னு. அம்மாகிட்ட கேக்காம நேரா என்கிட்ட கேட்டுட்டான்."

நான் உட்கார்ந்தேன். "நீங்க?"

"'இருந்தா'ன்னேன். இல்லன்னு சொல்ல வாய் வரல்ல தங்கச்சி."

"அப்புறம்?"

"அவங்க இப்ப எங்கன்னு கேட்டான்."

வரதோலியில் எங்கோ நாய் குரைப்பது எனக்கு பிரிஸ்பேனில் கேட்டது.

"எமிக்ரோன்னேன்."

எனக்கு அந்தச் சொல் தெரியாது. கேட்டேன்.

"'நாட்ட விட்டுப் போயிட்டா'ன்னு அர்த்தம். எந்த நாட்டுக்குன்னு கேட்டான். தெரியாதுன்னேன். உங்களுக்குக் கடிதாசியாவது போடறாங்களான்னு கேட்டான். இல்லன்னேன்."

"நம்பிட்டானா?"

"நம்பாம? இங்கிருந்து போகாதவங்க யாரு? அப்புறம், பாவம் அந்த அம்மா, யாரும் இல்லாத ஊர்ல எப்பிடி இருக்காங்களோன்னான்."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"நல்ல பையன்," என்றார் அக்கா. "அவ நல்லா வளத்திருக்கா."